மோட்டார் சைக்கிளும் நமது சாலைகளும்

விடியற்காலையில் புதுச்சேரி உப்பளத்தில், அம்பேத்கர் சாலையின் ஓரமாகச் சற்று நேரம் நின்று பார்த்தால், நமது கிராமங்களின் வாழ்வு இன்று எதன்மீது ஏறி நகரத்திற்கு வருகிறது என்பது நன்கு விளங்கும். பாகூர், தவளக்குப்பம், அரியாங்குப்பம் ஆகிய ஊர்களின் பக்கத்திலிருந்து வரும் இரு சக்கர வாகனங்களுக்குக் கணக்கில்லை. ஒன்றில் இரு புறமும் பால் கேன்கள் தொங்குகின்றன. ஒன்றில் கீரைக்கட்டும் வாழை இலையும். வேறொன்றில் மீன் கூடை. அடுத்து வருவதில் கணவனும் மனைவியும், இருவருக்கும் இடையில் சீருடை அணிந்த குழந்தையும்.

1955-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கிய காலத்தில், மோட்டார் சைக்கிள் என்பது பெரும்பாலும் இராணுவத்தினருக்கும் வசதி படைத்தோருக்குமே உரிய பொருளாக இருந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வண்டி வெளிவந்த பின்னரே இவ்வகை வாகனம் உழவர் வீட்டுத் திண்ணையோரம் வந்து நின்றது. பஸ் வராத ஊருக்கு அதுவே பஸ். நடு இரவில் மின்சாரம் வந்தால் மோட்டார் கொட்டகைக்கு ஓடுவதும் அதில்தான்; காய்ச்சல் கண்ட குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்வதும் அதில்தான். இளைஞர்களுக்கோ அது ஒரு பெரும் இன்பம். முகத்தில் காற்று மோத, நீண்ட சாலையில் தனியே செல்வதில் உள்ள களிப்பை நாமும் இளம் பிராயத்தில் அனுபவித்திருக்கிறோம். அதைக் குற்றம் என்று கூறுவது நமது நோக்கமன்று.

எனினும் கணக்கையும் பார்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் சென்று மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர்.

இவ்வளவு பேரும் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியவர்கள் என்று எண்ணிவிடலாகாது. நெடுந்தூரம் செல்பவன் எச்சரிக்கையோடு புறப்படுகிறான்; கடைக்குப் போகிறவனோ, "பக்கத்தில்தானே!" என்று கூறித் தலைக்கவசத்தை வீட்டில் மாட்டிவிட்டுச் செல்கிறான். தார்ச் சாலைக்கு இது பக்கத்து ஊர், அது தூரத்து ஊர் என்ற பேதம் தெரியாது.

வேகத்தின் இயல்பைச் சிறிது விளக்குவோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். குறுக்கே ஓர் ஆடு வந்தால், கண் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அதன் பின் நல்ல உலர்ந்த சாலையிலும் சுமார் 7 மீட்டர் ஓடியே நிற்கும். ஆக மொத்தம் 15 மீட்டர். இதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 30 மீட்டரில் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும். வேகம் இரு மடங்கானால் மோதும் வலிமை நான்கு மடங்காவதே இதற்குக் காரணம். பின்னால் இரண்டு பால் கேன்களும் ஒரு மூட்டையும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

தலைக்கவசத்தின் வரலாறு அறியத்தக்கது. அரேபியப் பாலைவனப் போரில் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935-இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெயின்ஸ் அத்துடன் விட்டுவிடவில்லை. இராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்வோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் பொதுமக்களுக்கு அச்சட்டம் வந்தது 1973-இல்தான்!

ஆகவே, 2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் தலைக்கவசம் கட்டாயம் என்று அமல் செய்யப்பட்டபோது பெரும் வாதம் எழுந்ததில் வியப்பில்லை. அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தாமே வீதியில் இறங்கி வாகன ஓட்டிகளை நிறுத்தினார். முதலில் மக்களுக்கு உணர்த்த வேண்டும், பிறகே தண்டனை என்றார் அப்போதைய முதலமைச்சர் நாராயணசாமி. வாதம் முற்றி, வேறு பல பிரச்னைகளோடு சேர்ந்து, ராஜ் நிவாஸ் வாயிலில் முதலமைச்சரே தர்ணா அமரும் வரை சென்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. ஆனால் அபராதத்திற்கு அஞ்சி அணிபவன் போலீஸ்காரரைத் தாண்டியதும் கழற்றிவிடுகிறான் என்பதை நாம் நித்தமும் காண்கிறோம். புழுக்கம், முடி உதிர்தல், காது கேளாமை என அவன் கூறும் காரணங்களில் புழுக்கம் ஒன்றே உண்மை. நல்ல தலைக்கவசம் தலைக்காயத்தை 69 சதவிகிதமும் மரணத்தை 42 சதவிகிதமும் குறைப்பதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்தவர்கள் கண்டுள்ளனர். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கி, தாடைப் பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டை கட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்பே கழன்று ஓடிவிடும்.

இன்னொன்றையும் கூறாமல் விடுவதற்கில்லை. மதுவின் விலை குறைவு என்று கருதி, மாலையில் எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குச் சென்று, இருட்டிய பின் வண்டியில் திரும்புவோர் நமது ஊர்களில் உள்ளனர். மிச்சம் பிடிப்பது சில ரூபாய். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தாலே குற்றம். முதல் தடவைக்கே ரூ.10,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் வண்டியைக் கொடுத்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தந்தைக்கே ரூ.25,000 அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

இன்ஷ்யூரன்ஸ் பற்றியும் தவறான எண்ணம் பரவியுள்ளது. மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் என்பது நம்மால் அடிபட்டவருக்கு ஈடு தருவது. தானே சறுக்கி விழுந்தவனின் குடும்பத்திற்கு அது உதவாது. அதற்கென்று ரூ.15 லட்சத்திற்கான தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. ஆனால் ஓட்டுநர் உரிமம் இல்லையேல் அதுவும் கிட்டாது.

இதுவரை கூறியது ஓட்டுபவரின் பொறுப்பு. சாலைக்குச் சொந்தக்காரர்களாகிய நமது பொறுப்பும் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பால் சேகரித்து வந்த ஓர் இளைஞர் இரவில் வீடு திரும்புகையில், வாகனங்கள் ஏறி மிதிப்பதற்காகச் சாலையில் பரப்பியிருந்த உளுந்துச் செடியின்மீது சக்கரம் வழுக்கி விழுந்து மாண்டார். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. உளுந்தைப் பரப்பியவரும் அதே தெருவினர்தாம். அவர் வேண்டுமென்று செய்ததல்ல, ஊரில் வேறு களம் இல்லை.

நான்கு சக்கர வண்டி செடியின்மீது ஏறிச் சென்றுவிடும். இரு சக்கர வண்டிக்கோ அது பாசிக்கு ஒப்பானது. தானியத்தைக் காக்க ஓரத்தில் வைக்கும் கற்களை அறுவடைக்குப் பின் எடுப்பாரும் இல்லை. பின்விளக்கின்றி இரவில் நிற்கும் கரும்பு டிராக்டரும், வெள்ளைக் கோடு இடாத வேகத்தடையும் இதே வகையைச் சேர்ந்தவை. டிராக்டரின் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டுவதற்கும், வேகத்தடைக்கு வர்ணம் பூசுவதற்கும் ஆகும் செலவு சொற்பம். உலர் களத்திற்குத்தான் நிலமும் நிதியும் வேண்டும். பஞ்சாயத்து, புறம்போக்கில் இடம் பார்த்து இப்பொழுதே தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால், பங்குனியில் உளுந்து அறுவடைக்கு வருமுன் களம் தயாராகிவிடும்.