இரவல் குதிரையில் ஏறும் முன்

இங்கிலாந்தில் குதிரை வாங்கிவிடலாம். வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. லாய வாடகை, வைக்கோல், சில வாரங்களுக்கு ஒருமுறை லாடம், மருத்துவர், காப்பீடு என்று செலவு நிற்காது. அதனால் அங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு. ‘லோன்’ என்றால் குதிரையை முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. ‘ஷேர்’ என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஏறிக்கொண்டு, செலவிலும் வேலையிலும் பங்கேற்பது. லத்தி அள்ளுவதும் அதில் சேர்த்தி. இரண்டிலும் குதிரையில் வேறொருவர் ஏறலாம், உரிமை மாறாது.

இது பலருக்குக் குழம்புவது பாஸ்போர்ட்டால். ஆம், அங்கே குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. 2020 அக்டோபர் முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம். பாஸ்போர்ட் குதிரையோடேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே லோன் எடுத்தவர் கைக்கு அது போய்விடுகிறது. அதைக் காட்டிக் குதிரையை விற்றுவிட்டு மறைகிறவர்களும் உண்டு. பாஸ்போர்ட் உரிமைப் பத்திரம் அல்ல. நம்பிப் பணம் கொடுத்தவரும் பொதுவாக உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் குதிரை தன்னுடையது என்று காட்ட வேண்டியவர் இரவல் கொடுத்தவர்தான்: வாங்கிய ரசீது, கையெழுத்தான ஒப்பந்தம், உடல் அடையாளம் தெரியும் படங்கள், தன் பெயரில் பதிந்த சிப் எண். இவை இருந்தால், கெடு வைத்து எழுத்தில் திருப்பிக் கேட்டு, வராவிட்டால் 1977ஆம் ஆண்டின் பொருள் உரிமைக் குறுக்கீட்டுச் சட்டப்படி நீதிமன்றம் போகலாம். 10,000 பவுண்டு வரையிலான வழக்குகளுக்கு எளிய சிறுவழக்கு முறை இருக்கிறது. விற்றது தெரிந்தால் காவல்துறையிலும் புகார் செய்யலாம். வாய்ப்பேச்சை மட்டும் நம்பியவரிடம் ‘இது உங்களுக்குள் தீர்க்க வேண்டிய தகராறு’ என்று சொல்லி அனுப்பிவிடும் அபாயமும் உண்டு.

இரவல் வாங்குகிறவருக்கு வேறு கவலை. 1996இல் டெவனில் ஓர் இரவு, எதற்கோ மிரண்ட குதிரைகள் வேலியைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு ஓடின. ஒன்று காரில் மோதி, ஓட்டியவருக்குப் பலத்த காயம். வேலியில் குறையில்லை, வளர்த்தவர்கள் மீது அலட்சியக் குற்றமும் இல்லை. ஆனாலும் இழப்பீடு அவர்கள் பொறுப்பே என்று 2003இல், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தில் ‘வைத்திருப்பவர்’ என்றால் உரிமையாளர் மட்டுமல்ல, குதிரையைத் தன் வசம் வைத்திருப்பவரும்தான். பதினாறு வயதுக்குட்பட்ட மகள் லோன் எடுத்தால் அந்த வீட்டுத் தலைவரும் மாட்டுவார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான்! மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் சேணத்தைத் தொடாதீர்கள். உரிமையாளரும் தம் காப்பீட்டு நிறுவனத்துக்கு இரவல் விஷயத்தைத் தெரிவிக்க வேண்டும்.

பட்டினி போட்டாலோ நோயைக் கவனிக்காவிட்டாலோ, 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இருவரையும் கேட்கும். குதிரை வேறொருவரிடம் இருந்தாலும் உரிமையாளர் எப்போதும் பொறுப்பாளரே. லோன் கொடுத்தவர் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவது சந்தேகப் புத்தி அல்ல.

பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன. நாள்கள், செலவு, வேறு யார் ஏறலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போகும் வரி ஒன்று உண்டு. நள்ளிரவில் குடல்வலியில் குதிரை புரள்கிறது, உரிமையாளர் விமானத்தில் இருக்கிறார், ‘அறுவை சிகிச்சையா, கருணைக் கொலையா, யார் சொல்வது?’ என்று மருத்துவர் கேட்கிறார். பதில் சொல்லும் உரிமை யாருக்கு, எத்தனை பவுண்டு வரை செலவழிக்கலாம், அடுத்து யாரை அழைப்பது என்பதைக் கையெழுத்துப் போடும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.