மாடல் வீட்டைக் கடைசியில் பாருங்கள்

ஓஎம்ஆரில் வீடு விற்கிறவர்கள் உங்களை முதலில் கூட்டிப்போவது மாடல் வீட்டுக்குத்தான். உள்ளே ஏசி, கையில் காபி, பிள்ளைக்கு ஒரு பலூன். கட்டிலையும் சோபாவையும் அளவில் கொஞ்சம் குறைத்துச் செய்து போட்டிருப்பார்கள். அறை தாராளமாகத் தெரியும். அந்த மயக்கத்தோடு வெளியே வருகிற எவருக்கும் கீழே இருக்கிற நிலத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதில்லை. நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மாடியில் என்ன இருக்கிறது என்பது எனக்கு அப்புறம். புல எண் என்ன?

தங்கை மகளும் மாப்பிள்ளையும் சோழிங்கநல்லூர் எல்காட் வளாகத்தில் வேலை பார்க்கிறார்கள். வருஷா வருஷம் வாடகையை ஏற்றிக் கொடுத்து அலுத்துப்போய், போன ஐப்பசியில் வீடு தேட ஆரம்பித்தார்கள். தரகர், "தை பொறக்கட்டும் சார், நல்லா வெயில்ல பாக்கலாம்" என்றாராம். மழையிலேயே பாருங்கள் என்றேன். தென்சென்னையில் வீடு பார்க்க ஐப்பசி, கார்த்திகையைவிட நல்ல காலம் கிடையாது.

இந்தப் பக்கம் எப்படி வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. 2008-ல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டருக்கு ஆறுவழிச் சாலை திறந்தார்கள். ராஜீவ் காந்தி சாலை என்று பெயர், ஆனால் வாயில் வருவது ஓஎம்ஆர்தான். சிறுசேரி சிப்காட், சோழிங்கநல்லூர் எல்காட் என்று கம்பெனிகள் நிரம்ப நிரம்ப, வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டது. வீடு கட்ட நிலம் எங்கே இருந்தது? ஏரிப் பாசனத்து நஞ்சையிலும் சதுப்பின் ஓரத்திலும். நாங்கள் சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் முழங்கால் சேற்றில் நின்ற வயல்கள் இன்று இருபது மாடியாக நிற்கின்றன. நஞ்சையில் கட்டியதெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. நஞ்சைக்கு ஏரியிலிருந்து தண்ணீர் வந்து சேர ஒரு வழியும், மிச்சம் போக ஒரு வழியும் கட்டாயம் இருந்திருக்கும். அந்த இரண்டு வழியும் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

அவர்களுக்கு முதலில் பிடித்துப்போன இடம் மேடவாக்கம் சோழிங்கநல்லூர் சாலைப் பக்கம். இரண்டு கோபுரம், நீச்சல் குளம், ஜிம், பிள்ளைகள் விளையாட இடம். விற்பனைப் பையனிடம் புல எண் கேட்டேன்.

"சர்வே நம்பரா சார்? அது லீகல் டீம்லதான் கேக்கணும்."

"கேட்டு அனுப்புப்பா. அது வந்தப்புறம் பேசுவோம்."

மறுநாள் வாட்ஸ்அப்பில் மூன்று புல எண்கள் வந்தன. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், செலவில்லை. பட்டா நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும். அது அரசு நிலமா, தனியார் நிலமா, நஞ்சையா, புஞ்சையா என்பது அ-பதிவேட்டில். புலப்படம் நிலத்தின் வடிவத்தையும் ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் மீட்டரில் காட்டும். வக்கீல்கள் பட்டாவோடு நின்றுவிடுவார்கள். எனக்குப் புலப்படம் வேண்டும்.

மூன்றுமே நஞ்சை. நடு எண்ணின் புலப்படத்தில் கிழக்கு ஓரம் இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அவற்றுக்கு நடுவில் 4.6 மீட்டர் அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு, அதற்குத் தனி எண். அந்த எண்ணை அ-பதிவேட்டில் தேடினால் அரசு புறம்போக்கு, வாய்க்கால் என்று இருந்தது. கம்பெனி அச்சடித்த வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடத்தில் ஊஞ்சலும் சறுக்கு மரமும்.

பையனிடம் காட்டினேன். "அந்த வாய்க்கால்ல இப்ப தண்ணியே வர்றதில்ல சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பத்து மாதம் வராது.

எதிரே ஒரு டீக்கடை. வீடு வாங்குகிறவர்கள் வங்கிக்குப் போகும் முன் அந்த இடத்து டீக்கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் ஷட்டரைக் காட்டினார். அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை துருப்பிடித்து, அதற்கு மேல் பெயின்ட் நன்றாக இருந்தது. 2015 டிசம்பரில் இடுப்பளவு நின்றதாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்ற தண்ணீரின் தடம்தான் ஷட்டரில் இருந்தது. புதுக்கட்டடத்தைச் சாலையைவிட நான்கு அடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், ஆகவே வீட்டுக்குள் வராது என்பது கம்பெனியின் பதில். வராது, சரி. சாலையில் நிற்குமே. பாலும் மருந்தும் படகில்தான் வர வேண்டுமா? மின்சாரப் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி தரைக்கு அடியிலா என்று கேட்டால் பதில் இல்லை.

இந்தத் தண்ணீரின் கதையை வரைபடத்தில் பார்த்தால் எளிதாகப் புரியும். தாம்பரம், மேடவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சரிந்து வந்து சேரும் இடம் பள்ளிக்கரணைக் கழுவெளி. அங்கிருந்து துரைப்பாக்கத்தில் ஓஎம்ஆருக்கு அடியில் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே இறங்கி முட்டுக்காட்டில் கடலைத் தொட வேண்டும். இவ்வளவு பெரிய பரப்பின் மழைநீருக்கு இருப்பது அந்தக் குறுகலான வாசல்தான். கடல் ஏற்றத்தில் இருந்தால் அங்கேயும் தள்ளும். வாசலில் நெரிசல் என்றால் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, வேளச்சேரி எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். கழுவெளியில் 1,248 ஹெக்டேர் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லையும் அதன் தாக்கப் பகுதியும் முறையாக ஆய்வு செய்யப்படும்வரை, சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. எனவே சதுப்பை ஒட்டி வீடு பார்ப்பவர்கள் சிஎம்டிஏ அனுமதி இருக்கிறதா என்பதோடு, அது எந்தத் தேதியில் கிடைத்தது, அதன் மேல் வழக்கு ஏதும் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

பழைய பதிவேடுகளில் இன்னும் சில சங்கதிகள் உண்டு. நாங்கள் யுடிஆர் என்று சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979-ல் தொடங்கியது. இன்றைய பட்டாக்களுக்கு அதுதான் அடி. அந்தச் சமயத்தில் ஏறிய பிழைகள் பல இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆகவே அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே நிலம் என்னவாக இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு மேய்க்கால் புறம்போக்காகவும் பின்பு தனியார் பட்டாவாகவும் இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். திருப்போரூர்ப் பக்கத்துச் சில கிராமங்களில் ‘அனாதீனம்’ என்று ஒரு பதிவு வரும். அதைக் கண்டால் நல்ல வக்கீல் இல்லாமல் நகராதீர்கள். பஞ்சமி நிலம் இன்னொன்று. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதையொட்டி அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அது. அதை மற்றவர்களுக்கு விற்றால் செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. அறிக்கை பிறந்ததே இந்த மாவட்டத்தில் என்பதால், இங்கே நிலம் வாங்குகிறவர்கள் இதைத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் அதில் பதிவானவை மட்டும்தான் தெரியும். பதிவு செய்யாத உயிலோ, பங்காளித் தகராறோ தெரியாது. தாய்ப்பத்திரம் தொட்டு இன்றுவரை பத்திரங்கள் கண்ணி அறாமல் வருகின்றனவா என்று வக்கீல்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ரெரா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். பதிவு எண்ணை ஆணையத்தின் தளத்தில் போட்டால் முடிக்க வேண்டிய தேதி வரும். விற்பனை ஒப்பந்தம் பதிவு ஆகாமல் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. கட்டட அமைப்பில் கோளாறு வந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷம் அவர்கள் பொறுப்பு.

கணக்குக்கு வருவோம். முதலில் பார்த்த அந்த வீட்டுக்குச் சொன்ன அளவு 1,240 சதுர அடி, விலை சதுர அடிக்கு 7,200. மொத்தம் 89 லட்சத்து 28 ஆயிரம். கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டதில் 860 என்றார்கள். அதாவது காலை வைத்து நடக்கிற இடத்துக்குச் சதுர அடி 10,380 ரூபாய். மிச்சம் லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதை, ஜிம். விற்பனை கார்பெட் ஏரியா கணக்கில்தான் நடக்க வேண்டும் என்பது ரெரா சட்டம். வாய்ப்பேச்சில் இன்னும் பழைய கணக்குத்தான் ஓடுகிறது.

கட்டி முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 4 லட்சத்து 46 ஆயிரம். 2023 டிசம்பரிலிருந்து புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்து ஒரே பத்திரம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தாள் 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். 6 லட்சத்து 25 ஆயிரம் ஆகிறது. வங்கி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு விலையில் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 71 லட்சம் கிடைக்கும். இந்த வரி, பத்திரச் செலவெல்லாம் சேர்த்துக் கைப்பணம் 29 லட்சம் வேண்டும். விளம்பரத்தில் இந்த 29 எங்கும் இல்லை. கடனுக்கு 8 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்தால் மாதம் 59,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது வாங்கிய கடனுக்குச் சமமாக இன்னொரு 71 லட்சம் வட்டியாகப் போயிருக்கும்.

என் கண் போனது யுடிஎஸ் மேல். அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, அந்த வீட்டுக்கு 410 சதுர அடி. "எல்லா டவர்லயும் இப்படித்தான் மாமா" என்றாள் தங்கை மகள். உண்மைதான், உயர உயரப் பங்கு குறையும். ஆனால் கட்டடம் வருஷா வருஷம் தேயும். நாற்பது வருஷம் கழித்து இடித்துக் கட்டும்போது கையில் நிற்பது நிலத்துப் பங்குதான். அப்படி இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று 2022-ல் கொண்டுவந்த அடுக்குமாடி உரிமைச் சட்டம் சொல்கிறது.

மெட்ரோ வருகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். மாதவரம் முதல் சிறுசேரி சிப்காட் வரையான மூன்றாம் வழித்தடத்தின் தூண்கள் ஓஎம்ஆர் நடுவே நிற்பதை நானும் பார்க்கிறேன். ஆனால் வராத ரயிலை நம்பி சதுர அடிக்கு ஐந்நூறு கூடக் கொடுப்பது, பிறக்காத பிள்ளைக்குக் காது குத்த நாள் குறிப்பது. குடிநீரைத்தான் கேட்க வேண்டும். சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தன. பெரும்பாக்கம், நாவலூர், தாழம்பூர் ஊராட்சிகளாகவே இருந்தன. ஒரே சாலையில் இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் ஒரு நிர்வாகம். குழாய் வராத இடத்தில் லாரித் தண்ணீர்தான். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் இங்கே சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கலாம். குடியேறிய அடுக்ககம் என்றால் சங்கத்துக்காரரிடம் மே மாதத்து லாரிச் செலவைக் கேளுங்கள். பராமரிப்புக் கட்டணத்தின் உண்மையான அளவு அந்த மாதத்தில் தெரியும்.

கடைசியில் அவர்கள் வாங்கியது பனையூரில், பன்னிரண்டு வீடுகள் மட்டும் உள்ள மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு பழைய வீடு. பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே கடலோர மணல் மேடு. தண்ணீர் நிற்காமல் உறிஞ்சிவிடும். அக்கரை இணைப்புச் சாலை வழியாக ஆபீஸ் பக்கம். கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் வருகிறதா என்று மட்டும் இரண்டு முறை பார்த்தேன், வரவில்லை. 1,050 சதுர அடி வீட்டுக்கு யுடிஎஸ் 640. விலை 78 லட்சம். ஜிஎஸ்டி இல்லை. ஆனால் புது அடுக்ககத்துக்கான 7 சதவீதச் சலுகை மறுவிற்பனைக்குக் கிடையாது, முத்திரைத்தாள் 7, பதிவு 2 என்று 9 சதவீதம் கட்டினார்கள். 50 லட்சத்தைத் தாண்டியதால் விற்பவருக்குக் கொடுப்பதில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்துவதும் வாங்குகிறவர் வேலைதான். மோட்டார் பழசு என்று சொல்லித் தங்கை மகள் 40,000 குறைத்தாள். அந்தச் சாமர்த்தியம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

ஜிம் இல்லை என்று மாப்பிள்ளைக்கு இன்னும் குறை. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துச் சோதித்ததில் உப்பு அளவுக்குள்தான் இருந்தது. அது மழைக்காலத்துத் தண்ணீர். சித்திரையில் இன்னொரு பாட்டில் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.