கிழங்குப் பாக்கிக்கு நோட்டீஸ்: செலவு எவ்வளவு?

ஜலகண்டாபுரம் பக்கம் மரவள்ளி மாவுப்பூச்சியைப் பற்றிப் பேசப் போனால், கூட்டம் முடிந்ததும் விவசாயிகள் எடைச் சீட்டுகளை எடுத்து நீட்டுவதுண்டு. கிழங்கு ஆலைக்குப் போய் மாதக்கணக்காகிறது, பாயிண்ட் கணக்கும் போட்டாயிற்று, பணம்தான் வரவில்லை. "வக்கீல் நோட்டீஸ் விட்டால் எவ்வளவு செலவாகும், ஐயா?" என்பதே கேள்வி. நான் பயிர்க்காரன். ஆயினும் விசாரித்து அறிந்ததைக் கூறுகிறேன்.

கரும்புக்கு 1966-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை உண்டு. 14 நாட்களில் பணம் தராத ஆலை, ஆண்டுக்கு 15 சதவீத வட்டி தர வேண்டும். மரவள்ளிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. எனவே கிழங்கு விற்றவர் எழுத்து மூலம் கேட்பது அவசியம். 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, வட்டியும் கோருவேன் என்று நோட்டீஸில் எழுதியிருந்தால், அந்த நாளிலிருந்து வட்டி கேட்க வழி உண்டு. வாய்ப்பேச்சுக்கு இந்தப் பலன் கிடையாது.

நோட்டீஸை வக்கீல்தான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நாமே எழுதி, ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பினால் நூறு ரூபாய்க்குள் முடியும். கிழங்கு போட்ட தேதி, எடை, பாயிண்ட், விலை, வந்த தொகை, பாக்கி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆலை தனியார் ஒருவருடையதா, பிரைவேட் லிமிடெட் கம்பெனியா என்று ரசீதைப் பார்த்துக் கொள்ளவும். கம்பெனியாயின் அதன் பதிவு அலுவலக முகவரிக்கே அனுப்ப வேண்டும். வக்கீலை வைத்தால் கட்டணத்தை முன்னதாகவே பேசிக் கொள்வது நல்லது.

காசோலை தந்து அது திரும்பியிருந்தால் விஷயம் வேறு. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும். அது கிடைத்து 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும்.

உரிமையியல் வழக்கானால் கோர்ட்டுக் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டில் 7.5 சதவீதமாக இருந்தது 2017-இல் 3 சதவீதமாகக் குறைந்தது. ஒரு லட்ச ரூபாய் பாக்கிக்கு 3,000 ரூபாய். வக்கீல் செலவு தனி. வென்றாலும் அது முழுவதும் திரும்பி வருவது அரிது. ஆகையால் சிறு தொகைக்கு முதலில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்ப்பதே மேல். அங்கே கட்டணம் இல்லை. ஆனால் ஆலைக்காரர் சம்மதித்தால்தான் தீர்வு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார்.

"திவால் சட்டத்தில் இழுத்து விடலாம்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டி விடாதீர்கள். அங்கே மனுக் கட்டணம் 2,000 ரூபாய்தான். ஆனால் 2020 மார்ச் முதல் பாக்கி குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்க வேண்டும். வேறொருவர் மனுவால் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால், அதன்பின் நாம் வழக்குத் தொடர முடியாது. நாளிதழ் அறிவிப்பைப் பார்த்து, கெடுவுக்குள் தீர்வு அதிகாரியிடம் கோரிக்கைப் படிவம் தர வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் அந்தக் கெடு நீளாது. கெடு முடியுமுன் ஆலைக்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால்தான் புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். அடுத்த முறை பாக்கி கேட்கப் போகும்போது கணக்குச் சீட்டில் அந்தக் கையெழுத்தைத் தேதியுடன் வாங்கி வாருங்கள்.