பச்சை ஒளி காட்டும் வாய்க்கால்கள்

இடையஞ்சாவடியில் என் அண்டை வீட்டுக்காரர், மரக்காணம் உப்பளங்களில் நெடுங்காலம் உழைத்தவர். இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என முடிவான பின் என்னிடம் கேட்டார்: "வயித்துக்குள்ள பச்சையா வெளிச்சம் காட்டி ஆபரேசன் பண்றாங்களாமே, எனக்கும் அது வேணுமா ஐயா?" பொருளியல் கற்பித்தவன் நான். எனினும், படித்தறிந்ததை அவர் தொழிலைக் கொண்டே விளக்கினேன்.

இரைப்பையைச் சுற்றி நிணநீர் ஓடும் நுண்ணிய வாய்க்கால்களும், இடையிடையே அவரை விதை போன்ற முடிச்சுகளும் உள்ளன. புற்றணுக்கள் அவ்வழியே பரவக்கூடும் என்பதால், கட்டியோடு அம்முடிச்சுகளையும் அகற்றுகிறார்கள். குறைந்தது 16 முடிச்சுகளையேனும் ஆராய வேண்டும் என்கின்றன பன்னாட்டு வழிகாட்டுதல்கள். எண்ணிக்கை குறைந்தால் நோயின் நிலை குறைவாக மதிப்பிடப்பட்டு, பிந்தைய சிகிச்சையும் பிழைபடலாம்.

கொழுப்பில் புதைந்த முடிச்சுகளைக் கண்டறிய உதவுவது இண்டோசயனின் கிரீன். 1959-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பழைய சாயம் இது. பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய நாள், எண்டோஸ்கோப்பி வழியே கட்டியைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். மடையில் கலந்த சாயம் பாத்திதோறும் பரவுவதுபோல், அது முடிச்சுகளைச் சென்றடைகிறது. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சினால், சிறப்புக் கேமரா அவற்றைத் திரையில் பச்சையாகக் காட்டும். சீனாவின் ஃபூஜியன் மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட ஒப்பாய்வில், வழக்கமான முறையில் சராசரியாக 42 முடிச்சுகளும், இம்முறையில் 50.5 முடிச்சுகளும் கிடைத்தன.

ஆனால், ஒளிர்வது நிணநீரின் பாதையே அன்றிப் புற்றுநோய் அன்று. புற்று அடைத்த வாய்க்காலில் சாயம் பாயாது. அங்குள்ள முடிச்சு இருண்டே கிடக்கலாம். எனவே, ஒளிராததை விட்டுவிடலாம் என்று கருதுவது ஆபத்து. கருவி, தேர்ந்த கைக்குத் துணை மட்டுமே.

இதில் சாயத்தைவிடக் கேமராவுக்கே பெருஞ்செலவு. ஒரு கருவி பலருக்குப் பயன்பட்டால்தான் தலைக்கு ஆகும் செலவு குறையும். ஆகவே, இவ்வறுவை மிகுதியாக நடக்கும் அரசு மருத்துவமனைகளில் முதலில் அதனை நிறுவுவதே முறை. அதற்கும் முந்திய தேவை, வட்ட அளவில் எண்டோஸ்கோப்பி வசதி. என் நண்பர் ஓராண்டாக நெஞ்செரிச்சல் மாத்திரையை விழுங்கியே காலம் கடத்தியவர். நீங்காத அசீரணம், காரணமற்ற எடைக்குறைவு, கரிய மலம் ஆகியவை இருந்தால் காத்திருத்தல் தகாது.

"பச்சை வெளிச்சம் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். எத்தனை முடிச்சுகளை ஆராய்ந்தார்கள் என்பதை மட்டும் மறவாமல் கேளுங்கள்" என்றேன். அக்கேள்விக்குச் செலவு ஏதுமில்லை.