தோள் ஏன் மறுபடி நழுவுகிறது?

ஆட்டையாம்பட்டியிலோ வேறு ஊரிலோ, கபடி ஆட்டத்தில் பாடிச் சென்றவரின் கையைப் பிடித்து இழுத்ததும் அவர் தோள் மூட்டு நழுவிவிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? மூட்டை உள்ளே தள்ளியதும் வலி குறையும். "சரியாகிவிட்டது" என்று எல்லாரும் கலைந்து போவார்கள். உண்மையில் சரியாகிவிட்டதா?

தோள் ஒரு பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்பீர்கள். ஆனால் இந்தக் கிண்ணத்தில் ஆழம் மிகக் குறைவு. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவோமே, ஏறக்குறைய அதுபோல! கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றி நார்க் குருத்தெலும்பாலான ஒரு வளையம் கரை கட்டியிருக்கிறது. தசைநார்களும் தசைகளும் சேர்ந்து பந்தை நழுவாமல் காக்கின்றன.

பந்து முன்பக்கம் நழுவும்போது, கைமுறுக்கின் வெளிச்சுற்று ஓரிடத்தில் பெயர்வதுபோல், இந்த வளையம் எலும்பிலிருந்து பெயர்ந்துவிடலாம். பிரிட்டிஷ் மருத்துவர் பேங்கார்ட் 1923இல் இதை விளக்கினார். பந்து இடத்திற்குத் திரும்பினாலும் கரை உடைந்தே கிடக்கும். அதனால்தான் தோள் மறுபடி நழுவுகிறது. இள வயதினருக்கு இந்த ஆபத்து அதிகம்.

எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் தெரியும்; வளையம் தெரியாது. இங்கே உதவுவதுதான் எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஒத்ததிர்வுப் படம்.

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள்போல் நடந்துகொள்கின்றன. புவியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுள்ள 1.5 டெஸ்லா புலத்தில் உடலை வைத்து, 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையைச் செலுத்தினால் அவை ஆற்றல் பெற்றுச் சாய்கின்றன. அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய அலைகளை வெளியிடுகின்றன. அவற்றைக் கொண்டு கணிப்பொறி படம் வரைகிறது. 1973இல் லாட்டர்பர் நீர் நிரப்பிய சிறு குழாய்களை இம்முறையில் படமாக்கிக் காட்டினார். அவரும் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்படத்தில் குருத்து வளையம் கறுப்பாகவும், மூட்டிலுள்ள திரவம் வெண்மையாகவும் தெரியும்படி செய்யலாம். வளையம் கிழிந்திருந்தால் அந்த இடுக்கில் திரவம் புகும். கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு! கிழிசல் எங்கே என்பதை அது காட்டிவிடுகிறது. காயம் பழையதானால் மூட்டுக்குள் கடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்திப் படமெடுப்பதும் உண்டு. எக்ஸ்கதிர் இதில் இல்லை. ஆனால் உடலில் உலோகப் பொருள் பொருத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

படம் மட்டும் போதாது. மருத்துவர் கையை அசைத்துச் சோதித்ததையும் படத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பயிற்சி போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்வார். கிரிக்கெட் வீரர் ஷ்ரேயாஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் புனேயில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது தோள் விலகியது. அறுவை சிகிச்சைக்குப் பின் அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் ஆடினார்.

எனவே நண்பர்களே, தோள் நழுவினால் கண்டவர்கள் இழுத்துவிட இடங்கொடாதீர்கள். துணித்தூளி கட்டி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி போனதும், "உள்ளே கரை முழுசாக இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதன் பிறகு களம் இறங்கலாம்.