வற்றிய ஏரியில் ஐந்நூறு வகை மீன்கள் எப்படி?

நம் குளத்து ஜிலேபி கெண்டைக்குச் சொந்தக்காரர்கள் சிக்லிட் மீன்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் மட்டும் இவற்றில் சுமார் 500 வகை. பாறைப் பாசியைச் சுரண்ட ஒன்றுக்குப் பல், நத்தை ஓட்டை நொறுக்க இன்னொன்றுக்குத் தாடை.

ஆனால் பனியுகத்தின் கடைசி வறட்சியில், ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த ஏரியே வற்றிக் கிடந்தது. ஏரியடி வண்டலைத் துளைத்தபோது உலர்ந்து இறுகிய பழைய மண்ணடுக்கு அகப்பட்டது.

இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை வகைக்கும் புது மரபணுக்கள் உருவாக வழியில்லை. பழைய இருப்புதான் கைகொடுத்தது. சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன்பு, காங்கோ பக்கத்து வம்சமும் மேல் நைல் பக்கத்து வம்சமும் கலந்தன. அந்தக் கலப்புச் சொத்தைத்தான் பிள்ளைகள் பலவிதமாகப் பங்குபோட்டுக்கொண்டன.

கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கிய நீரில் ஆழம் போகப் போக நீல ஒளி மங்கும், சிவப்பே மிஞ்சும். சிவப்பைக் கூர்ந்து பார்க்கும் மரபணு வடிவம் ஆழத்து மீன்களிடம் தங்கியது, மற்றது மேல்மட்டத்து மீன்களிடம். பெண் மீன், தன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஆணையே தேடும். மேலே நீல ஆண், கீழே சிவப்பு ஆண். இப்படித்தான் ஓரினம் இரண்டாகப் பிரியும். எனக்கு இதைவிட அழகான சான்று தெரியாது.

இன்று வயல் உரமும் சாக்கடையும் ஏரியை மேலும் கலக்குகின்றன. நிறம் தெரியாத நீரில், பிரிந்த இனங்கள் மறுபடி ஒன்றாகக் கலந்துவருகின்றன.