நெற்செய்கையும் அரசாங்க மானியமும்

கொழும்பு நகரில் வாழ்வோர் நெல்லை வயலிற் காண்பதினும் அரிசியைக் கடையிற் காண்பதே பெரும்பான்மை. ஆதலின், கமக்காரருக்கு அரசாங்கம் வழங்கும் மானியம் அவர்க்குப் பிறர் வீட்டுக் கணக்காகத் தோன்றுதல் இயல்பு. ஆயினும், அப்பணம் யாவர் வரியிலிருந்தும் எடுக்கப்படுவது. அது யாரைச் சென்றடைகின்றது என்பதை ஆராய்தல் கற்றோர் கடனாகும்.

இலங்கையில் நெற்செய்கைக்கு அளிக்கப்பட்டுவந்த உதவி மூவகைப்படும். முதலாவது, விலை வழியாக வந்த உதவி. 1948 இல் தொடங்கிய உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ் அரசாங்கம் குறித்த விலைக்கு நெல்லைக் கொள்வனவு செய்தது. 1952 முதல் ஒரு புசலுக்கு 12 ரூபா கொடுக்கப்பட்டது. சந்தை விலை வீழ்ந்தபோது இத்திட்டம் கமக்காரரைத் தாங்கியது உண்மையே. ஆயின், விற்பதற்கு மிகுதி நெல் உடையவனே இதனாற் பயனடைவான். அரை ஏக்கரில் விளைத்துத் தன் குடும்பத்துக்கே போதாதிருப்பவனுக்கு விலை உயர்வினால் ஆவதொன்றில்லை.

இரண்டாவது, பசளை வழியாக வந்த உதவி. 1962 இல் தொடங்கிய இம்மானியம் 1990 இல் நிறுத்தப்பட்டு, 1994 இல் மீண்டும் வந்தது. 2005 இன் பின்னர் 50 கிலோ மூடை ஒன்று 350 ரூபாவுக்குக் கிடைத்தது. இது சிறியோன் வயலுக்கும் சென்றது. எனினும், மலிவான பொருள் அளவுகடந்து இடப்படுவதற்கும், நாடு இறக்குமதியை நம்பியிருப்பதற்கும் இது வழிவகுத்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது அந்நம்பிக்கையின் ஆபத்து வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டும், அடுத்த பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

மூன்றாவது, பணமாகவே கொடுத்தல். 2016 இல் ஹெக்டேயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபா வீதம், இரண்டு ஹெக்டேயர் வரை வழங்கும் முறை வந்தது. 2018 இல் மீண்டும் பசளையே கொடுக்கப்பட்டது. 2021 இன் நெருக்கடிக்குப் பின்னர் பணமுறை திரும்பிற்று. 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு 25,000 ரூபா என விதிக்கப்பட்டது. எதனை வாங்குவது என்று கமக்காரனே தெரிந்துகொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. விதைப்புக்குப் பிந்திக் கிடைக்கும் பணம் கடனை அடைப்பதற்கன்றிப் பயிருக்கு உதவாது என்பது இதன் குறை.

இம்மூன்றுக்கும் பொதுவான வினா ஒன்றுண்டு: கமக்காரன் எனப்படுபவன் நிலமுடையவனா, உழுபவனா? 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைச் செய்கையாளனின் உரிமையைக் காக்கவும், குத்தகையை வரையறுக்கவும் முயன்றது. அச்சட்டம் முழுப்பயன் தராமைக்கு ஒரு காரணம், குத்தகைகள் பல வாய்ச்சொல்லளவில் நின்றமையாகும். எழுத்தில்லாத உடன்பாட்டினால், பதிவேட்டில் நிற்பது ஒருவன் பெயராகவும் சேற்றில் நிற்பது மற்றொருவன் காலாகவும் அமைகின்றது.

இஃது அரசாங்கம் மட்டும் தீர்க்கத்தக்கதன்று. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் வயல் வைத்துக்கொண்டு கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் உள. அவர்கள் குத்தகையை எழுத்தில் வரைந்து, செய்கையாளன் பெயரைக் கமநல சேவை நிலையத்திற் பதிய இசைவார்களாயின், மானியம் சேரவேண்டிய இடத்தைச் சேரும். திட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், உழுதவன் பெயர் ஏட்டில் இல்லாதவரை அவன் கைக்கு அது எட்டாது.